விண்ணப்பித்தவள் தங்கை, விசாரித்தது மாப்பிள்ளையை

என் சித்தி மகள் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். ஈசூனில் வீடு, தனியார் நிறுவனத்தில் வேலை, குடிமக்களுக்குரிய இளஞ்சிவப்பு அடையாள அட்டை. அவள் கட்டிக்கொண்டவர் கும்பகோணத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் ஹூஸ்டனுக்குப் போய், அங்கே குடியுரிமையும் பெற்றவர். 2017ல் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தார். எம்ப்ளாய்மென்ட் பாஸ், அதாவது வெளிநாட்டினருக்கான வேலை அனுமதி. திருமணத்துக்குப் பிறகு இருவரும் அமெரிக்காவில் குடியேறுவது என்று பேசி முடித்தார்கள்.

அதற்காக 2023 ஏப்ரலில் போட்ட மனு 2025 மே மாதம் விசாவாகக் கைக்கு வந்தது. இருபத்தைந்து மாதம். அதில் முதல் பதினான்கு மாதம் வரிசையில் நின்றது, அதற்கு யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. மீதிப் பதினொன்றில் ஐந்து மாதமாவது நாங்களே இழுத்துவிட்டுக்கொண்டது. நான் வழக்கறிஞர் இல்லை, கணக்கு எழுதிப் பிழைத்தவன். குடும்பத்தில் படிவம் என்று ஒன்று வந்தால் என் மடியில்தான் வந்து விழும். இதுவும் அப்படித்தான் விழுந்தது.

எங்கள் கவலை முழுக்க ஒரே இடத்தில் இருந்தது: இது உண்மையான கல்யாணம் என்று எப்படி நிரூபிப்பது. சித்தி ஆல்பம் ஆல்பமாகப் படம் எடுத்து வைத்தார். கடைசியில் அந்தப் படங்களை அதிகாரி பத்து விநாடிகூடப் பார்க்கவில்லை.

இரண்டு கல்யாணத் தேதி

நம் ஊர்த் தமிழர் வீடுகளில் இது சகஜம். முதலில் ஆர்ஓஎம் என்னும் அரசுத் திருமணப் பதிவு, அப்புறம் கோயில். இவர்களுக்குத் திருமணப் பதிவு 2023 பிப்ரவரியில் நடந்தது. டேங்க் ரோடு கோயிலில் தாலி ஏறியது ஜூனில். நடுவில் நாலு மாதம் அவள் ஈசூனில், அவர் தெம்பனிஸில். "தாலி கட்டாம எப்படிம்மா ஒரே வீட்ல?" என்று சித்தி சொன்னதற்கு யாரும் மறுபேச்சு பேசவில்லை.

சிக்கல் என்னவென்றால், சட்டத்துக்குப் பிப்ரவரிதான் கல்யாணம். ஏப்ரலில் மாப்பிள்ளை, மனைவியை அமெரிக்காவுக்கு அழைக்கும் ஐ-130 மனுவை இணையத்தில் போட்டார். அப்போது கட்டணம் 535 டாலர். 2024 ஏப்ரல் முதல் இணையத்தில் போட்டால் 625, தாளில் அனுப்பினால் 675 என்று ஏறிவிட்டது. மனு போட்ட அன்று எங்களிடம் இருந்த ஆதாரம் என்ன? மின்னியல் திருமணச் சான்றிதழ், நிச்சயதார்த்தப் படங்கள், வாட்ஸ்அப் உரையாடல். இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம் இல்லை, கூட்டு வங்கிக் கணக்கு இல்லை. வேறு வேறு முகவரி வேறு. எங்களுக்கு இது மரியாதை. கோப்பைத் திறக்கும் அந்நியருக்கு இது சந்தேகம்.

ஜூனுக்குப் பிறகுதான் கோப்பு கனத்தது. செங்காங்கில் இருவர் பெயரிலும் வாடகை வீடு, கூட்டுக் கணக்கு, காப்புறுதியில் கணவர் பெயர். இன்னொன்று, எனக்குப் பிடித்தது: சிங்கப்பூரர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியின் (மசேநி) நியமனம். திருமணம் ஆனதும் பழைய நியமனம் தானாகவே ரத்தாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அவள் அதைப் புதுப்பித்துக் கணவரை நியமித்தாள். தன் சேமிப்பை யாருக்கு விட்டுப்போவேன் என்று ஒருத்தி எழுதிக்கொடுப்பதைவிடப் பலமான கல்யாணப் படம் எது? இவற்றையெல்லாம் மனு நிலுவையில் இருக்கும்போதே அதே இணையக் கணக்கில் ஏற்றினோம். கூடவே ஒரு பக்கக் கடிதம்: பதிவுத் திருமணம் இந்தத் தேதி, சமயச் சடங்கு இந்தத் தேதி, இடையில் பிரிந்திருந்தது எங்கள் வழக்கம். கூடுதல் ஆதாரம் கேட்டு ஒரு கடிதமும் வரவில்லை. 2024 ஜூனில் மனு ஏற்கப்பட்டது.

காத்திருந்த நாளில் இரண்டு 'நல்ல யோசனை' வந்தன. ஒன்று, நேரே தூதரகத்திலேயே மனுவைக் கொடுத்துவிடலாமே என்பது. ஒருகாலத்தில் பல நாடுகளில் அப்படி வாங்கினார்கள். 2020க்குப் பிறகு மருத்துவ அவசரம், குறுகிய அவகாசத்தில் அமெரிக்காவுக்கு வேலை மாற்றம் போன்ற விதிவிலக்குகளுக்கு மட்டும்தான். எங்களுக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லை.

இரண்டாவது யோசனை ஆபத்தானது. சிங்கப்பூரர்கள் அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் 90 நாள் போய்வரலாம், எஸ்டா என்னும் இணைய அனுமதி போதும். "அதுல போயிட்டு அங்கேயே மாத்திக்க வேண்டியதுதானே" என்று மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் சொன்னார். சுற்றிப்பார்க்க வருகிறேன் என்று சொல்லி, மனதில் குடியேறும் எண்ணத்தோடு நுழைவது பொய்யுரையாகக் கணக்காகும். அந்தக் கறை பட்டால் வாழ்நாள் தடைவரை போகலாம். நான் இதைப் பற்றி அவரோடு இரண்டு வாக்கியத்துக்குமேல் பேசவில்லை.

டி/ஓ

மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போனது. கட்டணம் 325 டாலரும் 120 டாலரும். பிறகு டிஎஸ்-260 என்னும் விசா விண்ணப்பம். அங்கேதான் பெயர் காலை வாரியது.

அவள் பிறப்புச் சான்றிதழில், அடையாள அட்டையில், கடப்பிதழில், திருமணச் சான்றிதழில் எல்லாம் தன் பெயர், பின் டி/ஓ (டாட்டர் ஆஃப், அதாவது இன்னாரின் மகள்), பின் அப்பா பெயர். நமக்கு அதில் குடும்பப் பெயர் என்று ஒன்றே இல்லை. படிவத்துக்கோ குடும்பப் பெயர் ஒரு கட்டம், இயற்பெயர் ஒரு கட்டம். சாய்கோட்டைத் தட்டினால் ஏற்கவில்லை. மாப்பிள்ளை ஐ-130ல் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு டி/ஓவை விட்டுவிட்டிருந்தார். அவள் டிஎஸ்-260ல் டி, ஓ என்ற இரண்டு எழுத்தையும் ஒட்டி நடுவில் எழுதத் தொடங்கியிருந்தாள். அனுப்பியிருந்தால் ஒரே கோப்பில் இரண்டு பெண்கள்.

கடப்பிதழின் அடியில் அம்புக்குறி மாதிரி நிறைந்திருக்கும் இரண்டு வரி இருக்கிறதே, அதைத்தான் இறுதியாக எடுத்துக்கொண்டோம். எந்திரம் படிப்பது அதைத்தான். எல்லாப் படிவத்திலும் அதே பிரிப்பு. மற்ற வடிவங்கள் அனைத்தையும் 'பயன்படுத்திய வேறு பெயர்கள்' என்ற இடத்தில் எழுதினோம். சொந்த மொழியில் முழுப்பெயர் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் தமிழில் எழுதினாள். படிவம் முழுக்கத் திருத்தமே தேவைப்படாத ஒரே கட்டம் அதுதான்.

டி/ஓ அத்தோடு விடவில்லை. அவள் மெல்பர்னில் இரண்டு ஆண்டு படித்தவள். பதினாறு வயதுக்குப் பிறகு பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்றிதழ் வேண்டும். ஆரம்பத்தில் பணம் கொடுத்து ஓர் ஆலோசகரைப் பார்த்திருந்தோம். "படிக்கத்தானே போனாங்க, அது கணக்கில்ல" என்றார் அவர். கணக்குத்தான். படித்தாலும் வேலை பார்த்தாலும் சும்மா இருந்தாலும் வாழ்ந்தது வாழ்ந்ததுதான். செப்டம்பரில் அனுப்பிய ஆவணங்களைத் திருப்பியபோது மையம் முதலில் சொன்ன குறை இது. ஆஸ்திரேலியக் கூட்டாட்சிக் காவல்துறையிடம் இணையத்தில் விண்ணப்பித்தோம். அங்கே பல்கலைக்கழகம் அவளுடைய 'டி ஓ'வை நடுப்பெயராகவே பதிந்து வைத்திருந்ததால் அந்த வடிவத்தையும் சேர்த்துத் தேடச் சொல்ல வேண்டியிருந்தது.

சிங்கப்பூர்ச் சான்றிதழில் தொல்லை எதுவும் இல்லை. அவுட்ராம் பார்க் பக்கம் உள்ள காவல்துறை கேண்டோன்மெண்ட் வளாகத்தில் கைரேகை கொடுத்து வாங்கிவந்தாள்.

மாப்பிள்ளையின் வரி

மையம் சொன்ன இரண்டாவது குறைதான் இந்த வழக்கின் நடுமுள்.

அமெரிக்கக் குடிமகன் மனைவியை அழைக்கும்போது ஐ-864 என்னும் ஆதரவு உறுதிப்பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். வந்தவர் அரசாங்கத்துக்குப் பாரமாகிவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். சும்மா வாக்குறுதி இல்லை, சட்டப்படி செல்லும் ஒப்பந்தம். வருமானம் கூட்டரசு வறுமைக் கோட்டின் 125 விழுக்காட்டைத் தொட வேண்டும். 2024 கணக்குப்படி இருவர் குடும்பத்துக்கு 25,550 டாலர். மாப்பிள்ளை அதைவிடப் பல மடங்கு சம்பாதித்தார். அதனால்தான் நாங்கள் அலட்சியமாக இருந்தோம்.

அவர் சம்பாதித்தது சிங்கப்பூரில். வேலையை விட்டுவிட்டு அமெரிக்கா போகிறவரின் சிங்கப்பூர்ச் சம்பளம் அங்கே போன மறுநாள் பூஜ்யம். அதே இடத்திலிருந்து வருமானம் தொடரும் என்று காட்ட முடிந்தால்தான் அது கணக்கில் வரும். அவர் நிறுவனத்துக்கு ஹூஸ்டனில் கிளை கிடையாது.

இதோடு வந்தது வரிக்கணக்கு. ஐ-864 கடைசி ஆண்டு அமெரிக்க வருமான வரிப்படிவத்தைக் கேட்கிறது. கேட்டதும் மாப்பிள்ளை முகம் மாறிவிட்டது.

"இங்கதான் வரி கட்டுறேனே மச்சான். அங்க வேற கட்டணுமா?"

கட்ட வேண்டியதில்லாமல் போகலாம். ஆனால் படிவம் போட்டாக வேண்டும். அமெரிக்கா தன் குடிமக்கள் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கணக்குக் கேட்கும் நாடு. வெளிநாட்டுச் சம்பளத்துக்குப் பெரிய விலக்கு உண்டு, 2023ம் ஆண்டுக்கு 120,000 டாலர். அந்த விலக்கையும் படிவம் போட்டுக் கேட்டால்தான் தருவார்கள். விலக்கு இருக்கிறது, ஆகவே படிவம் வேண்டாம் என்று அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார். 2017ம் ஆண்டுக்குப் பிறகு ஒன்றுமே போடவில்லை. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனி அறிக்கை ஒன்று தர வேண்டும். அதுவும் இல்லை. ஏழாண்டு சிங்கப்பூரில் சம்பாதித்தவருக்குப் பத்தாயிரம் தாண்டாமல் இருக்குமா?

இப்படி மறந்துபோனவர்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்று காரணம் எழுதிக் கையெழுத்திட்டு, மூன்று ஆண்டு வரிப்படிவமும் ஆறு ஆண்டு வங்கி அறிக்கையும் ஒருசேரக் கொடுத்தால், வெளிநாட்டில் வாழ்கிறவருக்கு அபராதம் இல்லாமல் நேராகிவிடும். அமெரிக்க வரி தெரிந்த கணக்காளர் ஒருவரைப் பிடித்தோம். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் இதிலேயே போயிற்று. எனக்கு இதில் ஓர் எரிச்சல் உண்டு: கல்யாணம் பேசும்போது ஜாதகம் பார்த்தோம், சம்பளம் கேட்டோம், சிகரெட் பிடிப்பாரா என்றுகூட விசாரித்தோம். வரிப்படிவம் போட்டீர்களா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கணக்கு எழுதும் எனக்கே தோன்றவில்லை.

வருமானத்துக்கு மாற்றுவழி மூன்று பார்த்தோம். சொத்தைக் காட்டலாம், குடிமகனின் மனைவிக்குப் பற்றாக்குறையின் மூன்று மடங்கு. அதாவது 76,650 டாலர். தங்கை உடனே தன் மசேநி கணக்கைத் திறந்து காட்டினாள். நல்ல தொகைதான். ஆனால் ஓராண்டுக்குள் கையில் காசாக மாற்ற முடிகிற சொத்துதான் செல்லும். சிங்கப்பூர்க் குடியுரிமையை விடாதவரை வெளிநாடு போகிறேன் என்று சொல்லி மசேநியை எடுக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. சேமிப்பு இருவருக்கும் இருந்தது. ஆனால் புது வாழ்க்கைக்கு வைத்திருந்த பணத்தை விளக்கப் பல மாத வங்கிக் கணக்குகளைத் திரட்ட வேண்டும். கடைசியில் எடுத்தது மூன்றாவது வழி: இணை ஆதரவாளர், அதாவது கூடவே இன்னொருவரும் உறுதிப்பத்திரம் கொடுப்பது.

ஹூஸ்டனில் மாப்பிள்ளையின் அண்ணன் இருந்தார். அவர் வீட்டில் நால்வர், தங்கையைச் சேர்த்தால் ஐவர். ஐவருக்கு 45,725 டாலர் வேண்டும், அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அண்ணி தயங்கினார். தயங்கியது நியாயம் என்றே நினைக்கிறேன். இந்தக் கையெழுத்து, வருகிறவர் குடியுரிமை பெறும்வரையோ நாற்பது காலாண்டு வேலைக்கணக்கு சேரும்வரையோ கட்டுப்படுத்தும். விவாகரத்து ஆனால்கூட விடாது. கொழுந்தன் மனைவி என்பவள் அவருக்கு இரண்டு முறை வீடியோவில் பார்த்த முகம். தங்கையே அவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் கையெழுத்து வந்தது.

இணை ஆதரவாளர் வந்துவிட்டால் மாப்பிள்ளை ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. மனு போட்டவர் பூஜ்யம் சம்பாதித்தாலும் தன் ஐ-864ஐத் தானும் கொடுத்தாக வேண்டும். அவருக்கு அமெரிக்காவில் வசிப்பிடம் இருக்க வேண்டும், அல்லது மனைவி நுழையும் நாளுக்குள் அதை மீண்டும் ஏற்படுத்திக்கொள்வார் என்று காட்ட வேண்டும். இந்த இடத்தை நாங்கள் லேசாகத் தாண்டினோம். உயிரோடு இருந்த டெக்சஸ் வங்கிக் கணக்கு, 2020லும் 2024லும் சிங்கப்பூரிலிருந்தே அஞ்சலில் வாக்களித்த பதிவு, எங்கள் வீட்டில் தங்கலாம் என்ற அண்ணன் கடிதம். மையம் ஏற்றுக்கொண்டது. டிசம்பர் கடைசியில் ஆவணங்கள் நிறைவு என்று தகவல். குடிமகனின் மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு கிடையாது, ஆகவே அடுத்த காத்திருப்பு நேர்காணல் தேதிக்கு மட்டும்தான்.

நேப்பியர் ரோடு

பிப்ரவரியில் மருத்துவச் சோதனை, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம். சிறுவயதுத் தடுப்பூசி விவரங்கள் சிங்பாஸ் என்னும் அரசு இணைய அடையாளத்தைப் போட்டதும் வந்துவிட்டன. இந்தச் சோதனைக்குப் பொதுவாக ஆறு மாதம் ஆயுள். விசாவின் ஆயுளும் அதோடு கட்டுப்பட்டது. அதனால் அவசரப்பட்டு முன்கூட்டியே செய்துகொள்ளாதது நல்லதாகப் போயிற்று.

மார்ச்சில் நேர்காணல். அமெரிக்கத் தூதரகம் 27 நேப்பியர் ரோடு. இப்போது எம்ஆர்டி நிலையமே பக்கத்தில் வந்துவிட்டது. நான் அவள் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். அவள் திரும்பி வந்து சொன்னதை அன்று மாலையே எழுதிவைத்தேன்.

வலதுகை உயர்த்தி உறுதிமொழி. எப்படிப் பழக்கம், எப்போது கல்யாணம் என்று கேட்டார் அதிகாரி. "சட்டப்படி பிப்ரவரி, கோயிலில் ஜூன்" என்று அவள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறாள், அதற்கென்றே பழகியது. அவர் தலையாட்டினார். ஆல்பத்தைத் தள்ளியபோது மேல் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

பிறகு கேட்டதெல்லாம் மாப்பிள்ளையைப் பற்றி. இப்போது எங்கே இருக்கிறார்? இங்கே வேலையில் இருக்கிறார். ராஜினாமா கொடுத்துவிட்டாரா? இல்லை. அங்கே வேலை கிடைத்துவிட்டதா? தேடுகிறார். எப்போது போகிறார்? விசா வந்ததும்.

தவறான பதில் ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் சேர்ந்து சொன்ன கதை: இந்த மனிதருக்குக் கிளம்பும் தேதி இல்லை. விசா கைக்கு வருவதற்குமுன் டிக்கெட் வாங்காதே, வேலையை விடாதே என்று எல்லோரும் சொல்வது மனைவிக்குப் பொருந்தும். கணவருக்கு அது அப்படியே பொருந்தாது என்பது எங்களுக்கு அன்றுதான் உறைத்தது. 221(ஜி) என்று எண் போட்ட தாள் ஒன்றைத் தந்தார்: மனுதாரரின் அமெரிக்க வசிப்பிடத்துக்குக் கூடுதல் சான்று.

வெளியே வந்தவள் அழவில்லை. "அண்ணே, என்னைப் பத்தி ஒண்ணுமே கேக்கல" என்றாள்.

அந்தத் தாள் சட்டச் சொல்லில் மறுப்புத்தான். ஆனால் கேட்டதைக் கொடுத்தால் கோப்பு மறுபடி நகரும். அன்றிரவு செங்காங்கில் உட்கார்ந்து பேசினோம். கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் அடுக்கி இன்னொரு முறை அனுப்புவது ஒரு வழி. நான் வேண்டாம் என்றேன். போவேன் என்று காட்டும் காகிதத்தைத்தான் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டாரே. போய்விட்டார் என்று காட்டும் காகிதம்தான் இனி வேலைக்கு ஆகும். மாப்பிள்ளை மறுநாள் ராஜினாமா கொடுத்தார், ஏப்ரலில் தனியாக ஹூஸ்டன் போனார். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வாடகை வீடு, டெக்சஸ் ஓட்டுநர் உரிமம், மூன்றாவது வாரம் வேலைக்கான நியமனக் கடிதம். நான்கையும், விமான நுழைவுச்சீட்டு உட்பட, அனுப்பிவைத்தோம். மே நடுவில் கடப்பிதழ் விசாவோடு திரும்பியது.

இந்தத் தாமதத்தில் ஒரு லாபம் ஒளிந்திருந்தது. கல்யாணமாகி இரண்டு ஆண்டுக்குள் நுழைந்தால் சிஆர்1 வகை விசா, நிபந்தனையோடு இரண்டு ஆண்டு பச்சை அட்டை. அது முடிவதற்குமுன் இருவரும் மீண்டும் மனுப் போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். இரண்டு ஆண்டு தாண்டி நுழைந்தால் ஐஆர்1, பத்தாண்டு அட்டை. அவளுக்கு ஐஆர்1. கணக்கு பிப்ரவரி பதிவுத் தேதியிலிருந்துதான், தாலி கட்டிய தேதியிலிருந்து இல்லை. ஜூனிலிருந்து எண்ணியிருந்தால் சில நாள் இடறியிருக்கும்.

சித்திக்கு ஒரே ஒரு பயம் மிச்சமிருந்தது. "ஐசியப் பிடுங்கிக்குவாங்களா தம்பி?" ஐசி என்றால் அந்த இளஞ்சிவப்பு அடையாள அட்டை. இல்லை சித்தி. பச்சை அட்டை வாங்கினால் சிங்கப்பூர்க் குடியுரிமை போகாது. அங்கே குடிமகளாக ஆனால்தான் இங்கே விட வேண்டிவரும், அதற்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. இந்த மூன்று ஆண்டு என்பதை நான் சொல்லியிருக்க வேண்டாம். அவர் அன்றே எண்ணத் தொடங்கிவிட்டார்.

குடியேறிக் கட்டணம் 235 டாலரை இணையத்தில் கட்டிவிட்டு ஜூன் முதல் வாரம் சாங்கியில் ஏறினாள். ஹூஸ்டன் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி கடப்பிதழைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வியை அன்றிரவே போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"வீட்டுக்காரர் எங்கேன்னு கேட்டார் அண்ணே. வெளியே நிக்கிறார்னு சொன்னேன்."